கிண்ணத்தின் உட்புறம்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சீனி கொஞ்சம் தூக்கல். காவல் நிலையத்துத் தேநீரைக் குறை சொல்ல நான் யார், குடித்துவிடுகிறேன். உங்கள் கான்ஸ்டபிள் நான் சொல்வதை மலாயில் எழுதிக்கொள்ளட்டும். நான் தமிழில்தான் சொல்வேன். தினமும் தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் விடாமல் படிக்கிறவன் நான். நல்ல தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

நானாக இங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு சொல். முந்தாநாள் என் வீட்டு வாசலில் நின்று என் மைத்துனி பிரமிளாவோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். என் மனைவி நவமணி ஆயுத பூசை அன்று மூச்சு முட்டி இறந்துபோனதற்கு என்னுடைய கவனக்குறைவு காரணமாக இருக்கலாம் என்றீர்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மனைவியைப் பறிகொடுத்து நிற்கிறவனை இப்படியா பேசுவது? அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கையுறையை ஊதிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவது என் வேலை. நான் சரி என்று அனுப்பிய கையுறையைப் போட்டுக்கொண்டு உலகத்தின் ஏதேதோ மூலைகளில் டாக்டர்கள் வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள். ஒருவராவது நன்றி என்று ஒரு வார்த்தை எழுதியதில்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் கனகராஜ் கவனக்குறைவானவன் என்று உங்களுக்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. அந்தச் சொல்லை நீங்கள் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் வேறு எந்தச் சொல்லைப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

ஓய்வு பெற்றவர்கள் பொழுதை எப்படிப் போக்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கோயில் கமிட்டியில் சேர்ந்து மைக்கைப் பிடுங்கிச் சண்டை போடுவார்கள். இல்லாவிட்டால் விடிவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் அனுப்புவார்கள். நான் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மரக்கிண்ணம் கடைந்தேன்.

கோப்பெங் போகும் வழியில் எங்கள் தாமான் வீடுகள் இருக்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். வீடு கட்டிய கம்பெனி தோட்டத்தின் பெயரை நுழைவாயில் வளைவில் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறார்களாம். கடைசி நிரையில் நின்ற பால் மரங்களை வெட்டிப் போட்டபோது நாலைந்து கட்டைகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவை பல மாதம் மழையில் கிடந்தவை. மழையில் கிடந்த கட்டைக்குள் பூஞ்சை ஏறும். அறுத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு மசியால் கிறுக்கியதுபோல் கோடுகள் ஓடும், எந்த ஓவியனும் போட முடியாத கோடுகள். கிண்ணம் கடைகிறவர்கள் அப்படிப்பட்ட கட்டைக்கு அலைவார்கள்.

கிண்ணத்தின் வெளிப்புறத்தை யார் வேண்டுமானாலும் வழவழப்பாக்கலாம், இன்ஸ்பெக்டர். வெளிச்சம் விழும், கை எட்டும், தப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். உட்புறம்தான் ஆளைக் கொல்லும். லேத்தில் கட்டை சுழலும்போது உளி உள்ளே வளையம் வளையமாகத் தடம் விட்டுப் போகும். அது போகும்வரை முரட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு அதைவிட மெல்லிய தாள், பிறகு அதைவிட மெல்லியது. அவசரப்பட்டு நடுவில் ஒரு தாளைத் தாண்டிவிட்டால், முதல் தாள் போட்ட கீறல் அடியிலேயே பதுங்கியிருக்கும். கடைசியில் எண்ணெய் பூசும்போதுதான் எழுந்து பல்லைக் காட்டும்.

தேய்ப்பது ஒரு பாதி என்றால் சுத்தம் செய்வது மறுபாதி. நார் குறுக்காக நிற்கும் இடம் கிண்ணத்துக்குள் இரண்டு பக்கமும் வரும். அங்கே மரத்தூள் போய் அடைந்துகொள்ளும். காற்றுக் குழாயால் ஊத வேண்டும். ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் பட்டதும் படுத்திருந்த நாரெல்லாம் சிலிர்த்து நிற்கும். காய விட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். சில பேர் இதையெல்லாம் செய்யாமல் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பளபளப்பாக்கிச் சந்தையில் வைத்துவிடுவார்கள். இரண்டே வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். அவர்களைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்று சொல்ல வேண்டும்.

இப்போது நவமணி. நல்ல பெண். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். தாமானில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். நான் ஒரு கிண்ணத்தை முடித்து, எண்ணெய் பூசுவதற்கு முன்னால், கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, விளக்கடியில் வைத்துப் பார்த்து, சரி என்று மேசைமேல் வைப்பேன். அவள் போகிற போக்கில் ஒரு விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள்.

"என்னங்க, இங்க ஒரு கோடு இருக்கு."

இவ்வளவுதான் சொல்வாள், அதுவும் மெதுவாக. கேலி கிடையாது, சிரிப்பு கிடையாது. நான் மறுபடி பார்ப்பேன். கோடு இருக்கும். கையுறையில் ஊசி ஓட்டையைக் கண்டுபிடித்த கண்ணுக்குத் தப்பிய கோடு, துணி தைக்கிற விரலில் சிக்கும். ஒரு தடவையாவது அவள் சொன்னது பொய்யாகிவிடாதா என்று நான் காத்திருந்தேன். பொய்யாகவே இல்லை. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னேன். நான் மரியாதை தெரிந்தவன்.

ஈப்போ பழைய டவுனில் ஒரு சீனப் பெண்மணி, அப்பா நடத்திய காப்பிக் கடையின் சுவரைச் சுரண்டி, செங்கல்லை வெளியே தெரியவிட்டு, அதைக் கஃபே ஆக்கியிருக்கிறார். அதே காப்பிதான். என் கிண்ணங்களை அங்கே அலமாரியில் வைக்க ஒப்புக்கொண்டார். நானும் நவமணியும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அம்மாள் ஒரு கிண்ணத்துக்குள் கையை விட்டுத் தடவிக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே இவ்வளவு வழவழப்பாக வருவதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் தாள்களின் வரிசையை விளக்கத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் நவமணி தன் ஓட்டை மலாயில் முந்திக்கொண்டாள். அவர் தேய்ப்பார், நான் தடவிப் பார்ப்பேன், நான் சரி என்று சொன்னால்தான் முடிந்தது என்றாள். அப்படியானால் முதலாளி நீங்கள்தான் என்று அந்த அம்மாள் சிரித்தார். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும் வரைக்கும் சிரித்த முகமாகத்தான் காரை ஓட்டினேன்.

அவளுக்கு ஆஸ்துமா என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. சின்ன வயதிலிருந்தே உண்டு. என் லேத் வந்த பிறகு அதிகமாகிவிட்டது என்பது பிரமிளாவின் கண்டுபிடிப்பு. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் அதை வழிமொழிந்தார். மரத்தூள் ஆகாது, பூஞ்சை பிடித்த மரத்தூள் அறவே ஆகாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மிசினா மனைவியா, ஒண்ண செலக்ட் பண்ணுங்க அங்கிள்" என்று சிரித்தார். படித்தவர்கள் இந்த மாதிரி விஷயத்தில் விளையாட்டாகப் பேசக் கூடாது. கேட்கிறவன் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

உடனே நான் ஏற்பாடுகள் செய்தேன். லேத் பின்கட்டுத் தாழ்வாரத்தில்தான் இருந்தது. தூளை உறிஞ்சும் குழாயை அதன் வாயிலேயே பொருத்தினேன். காற்றாடியை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். எனக்கு ஒரு நல்ல முகமூடியும் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு எதற்கு, அவள்தான் உள்ளே இருக்கிறாளே. இந்த ஏற்பாட்டில் நாள் ஓடியது. அவள் மூச்சும் ஒருமாதிரி ஓடியது. நீல நிற இன்ஹேலர் இரண்டு வைத்திருந்தாள். ஒன்று கைப்பையில், ஒன்று தலையணைக்கு அடியில்.

எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு, இன்ஸ்பெக்டர். எதை எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் என் ரேடியோவிலிருந்து பேட்டரியைக் கழற்றி டார்ச் லைட்டில் போட்டுக்கொண்டாள். நான் கை நீட்டவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. தீபாவளி வரும்வரை அவளோடு பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் போகட்டுமா என்பாள். டிவி போடட்டுமா என்பாள். ஜன்னலைத் திறக்கட்டுமா என்பாள். இந்தக் காலத்தில் எந்த வீட்டில் இருக்கிறது இந்த அடக்கம், சொல்லுங்கள்.

அப்படிப்பட்டவள் போன மாதம் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தாள். பிரமிளா பீடோரிலிருந்து வந்திருந்தாள், கொய்யாப்பழமும் அறிவுரையும் எடுத்துக்கொண்டு. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தாள்.

"தீபாவளி முடிஞ்சதும் அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன் அத்தான். எங்க பக்கம் காத்து நல்லாருக்கு. கொஞ்ச நாளு அங்கயே இருக்கட்டும்லா."

நான் நவமணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் போறேங்க" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, அறிவித்தாள். முன்பே பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாதா. அந்த வீட்டு அறைக்குப் பிரமிளா சாயம்கூட அடித்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. நான் நல்லது என்று சொல்லிவிட்டுக் கொய்யாப்பழம் சாப்பிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. பயமும் வந்தது, அதையும் ஒளிக்கவில்லை. மனைவி மூச்சு விடுவதற்காகப் புருஷனை விட்டுப் போனாள் என்று தாமான் பேசும். கஃபேக்கார அம்மாள், முதலாளி எங்கே என்று கேட்பார். நான் முடிக்கும் கிண்ணத்தில் கோடு இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் போகும். அவள் இருந்தாலும் அவமானம், போனாலும் அவமானம். இதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. நான் அமைதியாகத்தான் யோசித்தேன். தீபாவளிக்கு முன்னால் ஆயுத பூசை வந்தது.

உங்கள் பெயர் தினேஸ்வரி. உங்கள் வீட்டிலும் வைத்திருப்பீர்கள், நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தொழில் செய்கிற சாமானைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலைவரை யாரும் தொடக் கூடாது. புத்தகம் வைத்த பிள்ளைகளுக்கு ஒருநாள் கொண்டாட்டம். ஆனால் நவமணி மாதிரி இதைக் கடைப்பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு வருடம் பூசை முடிந்து கோயிலுக்குக் கிளம்பும்போது அவள் ரவிக்கையில் கொக்கி பிய்ந்துவிட்டது. ஊசியும் கத்தரிக்கோலும் சாமியிடம் இருந்தன. ஊரார் ரவிக்கையெல்லாம் தைக்கிறவள் தன் ரவிக்கையை ஊக்கு குத்திக்கொண்டு முந்தானையைப் போர்த்தியபடி கோயிலுக்கு வந்தாள். அவசரத்துக்கு எடுத்துக்கொண்டால் என்ன என்று நானே சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்த வருடம் வீட்டைக் கழுவிச் சாமான்களை அடுக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். அவள் சந்தோஷப்பட்டாள். அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் தையல் மிசினுக்குப் பொட்டு வைத்தேன். கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி, அளவு நாடா எல்லாவற்றையும் சாமி மாடத்தில் வைத்தேன். என் உளிகளை வைத்தேன். கைப்பையிலிருந்தும் தலையணைக்கு அடியிலிருந்தும் இரண்டு இன்ஹேலர்களையும் எடுத்து வந்து, நன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, உளிகளுக்குப் பின்னால் மஞ்சள் பட்டுத்துணியால் மூடி வைத்தேன். ஒருத்தி எதைக் கொண்டு பிழைக்கிறாளோ அதுதானே அவளுக்கு ஆயுதம். சாஸ்திரப்படி இதில் என்ன தப்பு என்று எந்தப் பூசாரியை வேண்டுமானாலும் கேளுங்கள். பின்கட்டுக்குப் போய் லேத்துக்கும் பொட்டு வைத்து, மேலே இரண்டு செவ்வந்திப் பூ வைத்தேன். சூடம் காட்டினேன். அவள் விழுந்து கும்பிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு அவள் படுத்தாள். நான் பின்கட்டுக்குப் போனேன்.

கஃபேக்கு ஒரு பெரிய கிண்ணம் பாக்கி இருந்தது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் நிரப்பி முகப்பில் வைக்கப் போகிறார்களாம். அந்தப் பூஞ்சைக் கட்டையில்தான் கடைந்திருந்தேன். கறுப்புக் கோடுகள் அப்படி ஒரு அழகு. உட்புறம் முழுவதும் தேய்க்க வேண்டியிருந்தது. உறிஞ்சு குழாயைக் கழற்றிவிட்டேன், அதன் சத்தம் ஓய்வு நாளில் அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல். காற்றாடியை வீட்டைப் பார்த்துத் திருப்பினேன். சமையலறைக் கதவைத் திறந்து ஆட்டுக்கல் குழவியை முட்டுக் கொடுத்தேன். முகமூடியைப் போட்டுக்கொண்டு மிசினை ஓட விட்டேன். பூசை வைத்த மிசினை அன்றே ஓட்டியது தப்புதான். சாமிக்கு நான் செய்த குற்றம் அது ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

முரட்டுத் தாளில் தூள் புகையாகக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருமல் கேட்டது. பிறகு கைப்பை கவிழும் சத்தம், அலமாரி இழுக்கும் சத்தம், தலையணை விழும் சத்தம். நான் இரண்டாவது தாளுக்கு மாறினேன். அவள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். கையால் ஊதிக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. சாமியிடம் இருக்கிறது என்றேன். முகமூடிக்குள் சரியாகக் கேட்டிருக்காது, ஆனால் புரிந்துகொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சாமி மாடத்துக்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கண்டபோது உடம்பில் சூடு இருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அதற்கு முன்னால் தரையைத் துடைத்தேன், லேத்தைத் துடைத்தேன், காற்றாடியைத் திருப்பினேன், குழவியை அதன் இடத்தில் வைத்தேன். கிண்ணத்தைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்து அலமாரியில் ஏற்றினேன். பழக்கம். வேலை முடிந்தால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

சாவுக்கு ஊரே வந்தது. அவளை இருமல் மிசின் என்று கூப்பிட்டவர்களெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கோயில் கமிட்டித் தலைவர் சதாசிவம் என் கையைப் பிடித்துக்கொண்டு, பூசையன்றைக்கே சாமி காலடியில் போயிருக்கிறாள், புண்ணியவதி என்றார். எனக்கே ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. பிரமிளா மட்டும் அழவில்லை. மஞ்சள் துணி விலகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பொட்டு வைத்த இன்ஹேலர்களைக் கையில் எடுத்து, "இத யாரு அத்தான் இங்க வச்சது?" என்றாள். உன் அக்காதான் என்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் நேராக உங்களிடம் வந்தாள்.

நீங்கள் வந்தீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தீர்கள், அதைக் கவனித்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு லேத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றீர்கள்.

"பூசை வச்ச மிசின யாரு ஓட்டுனது அங்கிள்?"

நான் யாரும் ஓட்டவில்லை என்றேன். நீங்கள் வாடிய செவ்வந்திப் பூவைக் காட்டினீர்கள். அதன் இதழுக்குள் எல்லாம் மரத்தூள். காலையில் வைத்த பூவில் தூள் விழ வேண்டுமானால் அதற்குப் பிறகு மிசின் ஓடியிருக்க வேண்டும். வேறு யாராவது வந்திருந்தால் ஏதோ பூ என்று விட்டிருப்பார்கள். ஒரு கோடு விடாமல் துடைத்த நான் அந்தப் பூவை ஏன் துடைக்கவில்லை என்று யோசித்திருப்பீர்கள். பூசைக்கு வைத்த பூவை மறுநாள்வரை எப்படித் தொடுவது? எனக்கும் கட்டுப்பாடு உண்டு. மறுநாள் சாவு வீடு ஆகிவிட்டது, பூ அப்படியே கிடந்துவிட்டது. அதுவரை அங்கிள் என்று கூப்பிட்ட நீங்கள் அதற்குப் பிறகு என்னை எப்படியும் கூப்பிடவில்லை.

அதை வைத்துத்தான் கவனக்குறைவு என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். பெரியவர், பக்தி, மருந்தைச் சாமியிடம் வைத்துவிட்டார், தெரியாத்தனமாக மிசினையும் ஓட்டிவிட்டார். அப்படி இல்லை, இன்ஸ்பெக்டர். குழாயைக் கழற்றியது தெரிந்து. காற்றாடியைத் திருப்பியது தெரிந்து. கட்டையைத் தேர்ந்தெடுத்தது தெரிந்து. ஒரு தாளைக்கூட நான் தாண்டவில்லை. அவள் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். கான்ஸ்டபிள் தம்பி, இதை எழுதிக்கொண்டாயா? இதைச் சரியாக எழுது.

ஆனால் நேற்று மறுபடி வந்து நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்ஹேலர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. துணி விலகியிருந்தது. ஏன் அவள் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். முடியவில்லையோ, மயங்கிவிட்டாளோ என்று நீங்களே பதிலும் சொல்லிக்கொண்டீர்கள்.

அவள் துணியை விலக்கினாள். நான் அவள் பின்னாலேயே போய் சாமி அறை வாசலில் நின்றேன். இன்ஹேலர் மேலே இருந்த குங்குமத்தைப் பார்த்தாள். கை பக்கத்தில் போய் நின்றுவிட்டது. தொடவில்லை. முகம் நீலம் பாரித்திருந்தது. என் பக்கம் திரும்பினாள். அந்த மூச்சில் எப்படித்தான் பேச்சு வந்ததோ.

"எடுக்கட்டுமாங்க?"

நான் முகமூடியைக் கழற்றினேன். தெளிவாகக் கேட்க வேண்டும் அல்லவா.

"நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சரி என்பதுபோல்தான் ஆட்டினாள். பிறகு மெதுவாகச் சுவரோரமாக உட்கார்ந்தாள். நான் போய்க் கடைசித் தாளையும் போட்டு முடித்தேன்.

நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. குறுக்கே நிற்கவில்லை. வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. பிரமிளாவோடு பீடோருக்குக் கிளம்ப முடிவெடுத்தபோது என்னிடம் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. இதற்குப் போய்க் கேட்கிறாள். இத்தனை வருடம் கூடவே வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எதைக் கேட்டு எடுக்க வேண்டும், எதைக் கேட்காமல் எடுக்கலாம் என்பதுகூடவா ஒரு பொம்பளைக்குத் தெரியாமல் போகும்?